எண்ணிவிட்டுப் பங்கிடுங்கள்: பெண்ணியமும் சமத்துவமும் ஒன்றா என்று வீட்டில் பேசிப் பார்ப்பது எப்படி

கடந்த பொங்கலுக்கு மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். மகள் ஆத்தூரிலிருந்து பேரனோடு வந்திருந்தாள். மாட்டுப் பொங்கலன்று மதியம் ஏதோ பேச்சு வந்து, மகன் சொன்னான்: "நான் பெண்ணியவாதி இல்லை அக்கா, சமத்துவவாதி. எல்லோரும் சமம் என்று சொல்லிவிட்டால் அதிலேயே பெண்ணும் வந்துவிடுகிறாள். தனியாக ஒரு சொல் எதற்கு?" மகள் பதில் சொன்னாள். அவன் மறுபதில் சொன்னான். அரை மணி நேரத்தில் அது சண்டையாகி, காணும் பொங்கலுக்கு இருப்பதாகச் சொன்ன மகள் அன்று மாலையே பஸ் ஏறிவிட்டாள்.

இருவருமே நல்ல மனம் உள்ளவர்கள். ஆனால் இருவர் கையிலும் கணக்கு இல்லை. சொற்களை மட்டும் வீசிக்கொண்டிருந்தார்கள். நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் 1984 முதல் 35 ஆண்டுகள் ரைட்டராக வேலை பார்த்தவன். யார் வேலைக்கு வந்தார், யாருக்கு முழுப்பேர் (முழு நாள் கூலி), யாருக்கு அரைப்பேர் (அரை நாள் கூலி) என்று செக்ரோல், அதாவது வருகைப் பதிவேடு, எழுதுவது என் தொழில். இப்போது மலைக்குக் கீழே கோரிமேட்டில் குடியிருக்கிறேன். அந்தச் சண்டைக்குப் பிறகு பிள்ளைகள் இருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து, சத்தம் இல்லாமல் இந்தக் கேள்வியைப் பேசினேன். அப்போது கைக்கொண்ட வழியை இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டு, ஒரு பேனா, முடிந்தால் உங்கள் குடும்பத்தின் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று, இவ்வளவு இருந்தால் போதும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றில்லை. எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்குச் சமத்துவம் பதில் சொல்கிறது. பங்கிடுவதற்கு முன்னால் யார் யாரை எண்ணினீர்கள் என்று பெண்ணியம் கேட்கிறது. எண்ணாமல் பங்கிட்டால் என்ன ஆகும் என்பதை நானே செய்து பார்த்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"நான் சமத்துவவாதி" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே பொருளில் சொல்வதில்லை. சிலருக்குப் பெண்ணியம் என்ற சொல்லே ஆண்களை வெறுப்பது என்பதாகக் காதில் விழுந்திருக்கிறது. அவர்களிடம் சொல்லை விட்டுவிட்டு நேரடியாகக் கேளுங்கள்: உன் தங்கைக்குச் சொத்தில் பங்கு உண்டா, அவள் சம்பளம் யார் கணக்கில் ஏற வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் விடுப்பு எடுக்க வேண்டும்? பெரும்பாலும் நல்ல பதில்களே வரும். அந்தப் பதில்களுக்குத்தான் அந்தப் பெயர் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இன்னும் சிலர், பெண்ணின் துயரம் மட்டுமே துயரமா, சாதியும் கூலியும் கண்ணில் படவில்லையா என்று கேட்கிறார்கள். இது கனமான கேள்வி. இவர்களோடு பொறுமையாக உட்காருங்கள், ஏனென்றால் உங்களுக்கும் அவர்களிடம் கற்க வேண்டியது இருக்கிறது.

மூன்றாவது வகை, ஒரு பெண் குறை சொல்லும்போது மட்டும் சமத்துவவாதி ஆகிறவர். அவரை அடையாளம் காண ஒரே கேள்வி போதும்: "வேறு எந்த ஏற்றத்தாழ்வுக்கு எதிராகக் கடைசியாக எப்போது பேசினீர்கள்?" பதில் இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நேரம் மிச்சம்.

என் மகன் முதல் வகை என்று நினைத்தேன். பேசிப் பார்த்தபோது இரண்டாவது வகையும் கலந்திருந்தது.

சொல் பிறந்த இடத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும். பிரான்சில் 1789-ல் மனிதரின், குடிமகனின் உரிமைகள் என்று ஒரு சாசனம் எழுதினார்கள். மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமையில் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. சமத்துவம் என்று இன்று நாம் பேசுவதற்கு அது ஒரு பெரிய ஊற்றுக்கண். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1791-ல், ஒலிம்ப் து கூஜ் என்ற பெண்மணி அந்தச் சாசனத்தையே எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவாகப் பெண்ணின் பெயரையும் சேர்த்து மறுபடி எழுதினார். 1793-ல் அவர் தலையை வெட்டினார்கள். குற்றச்சாட்டு வேறு அரசியல் எழுத்தைப் பற்றியது என்றாலும், அவருடைய சாசனம் சட்டமாகவே இல்லை. வளர்ந்த ஆண்கள் எல்லோருக்கும் அங்கே 1848-ல் வாக்குரிமை வந்தது. பெண்களுக்கு வந்தது 1944-ல். நடுவில் 96 ஆண்டுகள். அதில் பெரும்பாலான காலம் அந்த நாட்டின் பெயர்ப்பலகையில் சமத்துவம் என்ற சொல் இருந்தது.

"எல்லோரும் என்று சொன்னால் பெண்ணும் வந்துவிடுகிறாள்" என்று சொல்கிறவரிடம் இந்த 96 ஆண்டுகளைக் காட்டுங்கள்.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்றால், நம்மிடமே இருக்கிறது. "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்" என்று சொன்ன திருக்குறளில்தான், மனைவியின் சொல்வழி நடக்கும் கணவனைக் கடிந்துகொள்ளும் "பெண்வழிச் சேறல்" என்று பத்துக் குறளும் இருக்கின்றன. வள்ளுவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. நாள்தோறும் படிக்கிற நூல். எல்லா உயிரும் சமம் என்று உண்மையாகவே நம்புகிற ஓர் உயர்ந்த மனம்கூட வீட்டு வாசலைத் தாண்டும்போது வேறு கணக்குப் போடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமாக ஒன்று உண்டு. வளர்க்க விரும்பாத குழந்தையை அரசிடம் விட்டுச் செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதலில் தொடங்கியது நம் மாவட்டத்தில். ஏன் இங்கே தொடங்கினார்கள் என்று நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். "சிசுக்கொலை" என்று சொன்னால் அந்த உண்மை பாதி மறைந்துவிடும். "பெண் சிசுக்கொலை" என்று சொன்னால்தான் நடந்தது நடந்தபடி தெரியும். தனியாக ஒரு சொல் எதற்கு என்று மகன் கேட்டானே, இதற்குத்தான்.

பாகப்பிரிவினையை எடுத்து மூன்று முறை கணக்குப் போடுங்கள்

இந்த வழிமுறையில் முக்கியமான இடம் இது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

எங்களுக்கு வாழப்பாடி பக்கம் பூர்விகமாக 4 ஏக்கர் 80 சென்ட் நிலம் இருந்தது. அம்மா முன்பே போய்விட்டார். அப்பா 1995-ல் காலமானார். ஓர் அக்கா, பிறகு நான், இரண்டு தம்பிகள். 1997-ல் பாகம் பிரித்தோம். கணக்கு எழுதுகிறவன் என்பதால் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். சர்வேயரை வரவழைத்து அளந்தேன். மண் வாகுக்குத் தக்கபடி நீள அகலத்தைக் கூட்டிக் குறைத்தேன். கிணற்றுக்கு முறை வைத்தேன். எல்லையில் நின்ற ஒரே தென்னையின் காயைக்கூட மூன்றாக்கினேன். ஆளுக்கு 1 ஏக்கர் 60 சென்ட். ஒரு சென்ட் ஏற்ற இறக்கம் கிடையாது. பங்காளிகள் எல்லோரும் "பிரித்தால் இப்படிப் பிரிக்க வேண்டும்" என்று மெச்சினார்கள். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். பட்டுப்புடவை ஒன்று எடுத்துக் கொடுத்தோம்.

அன்றைக்கு என்னை நிறுத்தி, சமத்துவத்தில் நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டிருந்தால், உண்டு என்றுதான் சொல்லியிருப்பேன். பொய்யாகவும் சொல்லியிருக்க மாட்டேன். இந்த வரியை எழுத எனக்கு 28 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் கணக்கு நான் போட்டது: 4.80-ஐ மூன்றால் வகுத்தால் 1.60. அக்காவுக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, அன்றைய சட்டத்தின் கணக்கு. கூட்டுக் குடும்பப் பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறை. ஆனால் அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது கிடையாது. அக்காவின் திருமணம் 1986-ல் நடந்தது. ஆகவே அப்பாவும் மூன்று மகன்களும் என்று நான்கு பங்கு, ஆளுக்கு 1.20. அப்பாவின் 1.20 மட்டும் அவர் காலத்துக்குப் பின் நான்கு பிள்ளைகளுக்கும் சமமாக, தலைக்கு 30 சென்ட். ஆக எங்களுக்கு 1.50, அக்காவுக்கு 0.30. அந்த 30 சென்ட் இருந்ததால்தான் அவருடைய கையெழுத்தே எங்களுக்குத் தேவைப்பட்டது.

மூன்றாவது, 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தின் கணக்கு. திருமணம் எப்போது நடந்தது என்ற தடை அதில் இல்லை. மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி. அந்தக் கணக்கில் நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1.20. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடுவதில்லை. எங்களுடையது 1997.

மூன்று கணக்கிலும் "சமம்" இருக்கிறது. முதல் கணக்கில் மூவருக்குள் சமம், இரண்டாவதில் ஒரு துண்டில் மட்டும் நால்வருக்குள் சமம், மூன்றாவதில் முழுதும் நால்வருக்குள் சமம். வகுத்தல் எதிலும் தப்பில்லை. எத்தனை பேரால் வகுப்பது என்பதுதான் மாறிக்கொண்டே வந்தது. அதைத் தானாக மாற்ற எந்த வகுத்தலுக்கும் தெரியாது. யாராவது வந்து, "இவளை எண்ணவில்லையே" என்று சொல்ல வேண்டியிருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெண்ணுக்கும் ஆணைப்போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டுச் சொன்னார்கள். அது சட்டமாகிப் பெண்ணின் கைக்கு வர 60 ஆண்டுகள் ஆயின. என் அக்காவுக்கு மூன்றே ஆண்டுகளில் தவறிப் போனது.

உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். பத்திரத்தில் இருக்கும் பெயர்களை விட்டுவிட்டு, முதலில் பிறந்த பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். பிறகு வகுத்துப் பாருங்கள். நிலம் இல்லாதவர்கள் நகையையோ, படிக்க வைத்த செலவையோ எடுத்துக்கொள்ளலாம். மகனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியபோது வெகுநேரம் பார்த்துவிட்டு, "அத்தைக்கு இது தெரியுமா அப்பா?" என்று மட்டும் கேட்டான்.

விதி ஒன்றாக இருந்தால் போதுமா என்று சோதியுங்கள்

சமத்துவவாதிகள் வழக்கமாகச் சொல்லும் அடுத்த வாதம்: விதியை எல்லோருக்கும் ஒன்றாக வைத்துவிடு, வேலை முடிந்தது. இதைச் சோதிக்க ஒரு வேலையிடம் வேண்டும். நான் எஸ்டேட்டைச் சொல்கிறேன். நீங்கள் உங்களுக்குத் தெரிந்த இடத்தை எடுங்கள்.

சம ஊதியச் சட்டம் வந்தது 1976-ல். நான் சேர்ந்த காலத்தில் செக்ரோலில் ஆண் ஆளுக்கும் பெண் ஆளுக்கும் நாள்கூலி ஒன்றே. டிசம்பர், ஜனவரியில் பழப் பறிப்பு உச்சத்தில் இருக்கும்போது கிலோவுக்கு இவ்வளவு என்ற விலையும் ஒன்றே. மாலையில் தராசு முன் நின்று நானே எழுதுவேன். ஆனால் சீசனுக்குக் குடும்பமாக வருகிறவர்களின் மூட்டை கணவன் பெயரில் ஏறும். மனைவி பறித்தது, பெரிய பெண் பறித்தது எல்லாம் சேர்ந்து அவன் பெயருக்கு நேரே ஒரே எண். சம்பளத்தன்று கைநாட்டும் அவனுடையது. விதி சமம், தராசு சமம், அவள் பெயர் மட்டும் நோட்டில் இல்லை. இதை நான் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். அவள் பெயரைத் தனியே எழுதினால் என்ன என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

குழந்தைக் காப்பகம் இன்னும் ஆழமான பாடம். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, 50 பெண் தொழிலாளர்கள் இருந்தாலோ, பெண் தொழிலாளர்களின் சிறு பிள்ளைகள் 20 பேர் இருந்தாலோ எஸ்டேட் காப்பகம் வைக்க வேண்டியிருந்தது. சட்டம் நல்லது. பெண்ணின் நிலை தெரிந்து எழுதியது. ஆனால் அது எண்ணியது பெண்களையும் பெண்களின் பிள்ளைகளையும் மட்டும். ஆண் தொழிலாளிக்கும் பிள்ளை உண்டு என்று அந்தச் சட்டத்துக்குத் தோன்றவில்லை. விளைவு என்ன ஆனது? எங்கள் எஸ்டேட்டில் சீசன் பெண்களை வேறு நோட்டில் எழுதச் சொன்னார்கள். எண்ணிக்கை வரம்பைத் தொடக்கூடாது. எழுதினேன். பிள்ளைகள் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சேலைத் தூளியில் தூங்கின. தூளியை ஆட்ட ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்று பள்ளிக்குப் போகாமல் நின்றது.

பிறகு 2017-ல் பேறுகாலப் பயன் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. பேறுகால விடுப்பை 26 வாரமாக்கிய அதே திருத்தம். 50 ஊழியர்கள் உள்ள நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஊழியர்கள்! ஆண், பெண் எல்லோரும் எண்ணிக்கையில் வருகிறார்கள். பெண்ணை வேலைக்கு எடுத்தால்தான் காப்பகச் செலவு என்ற கணக்கு இனி முதலாளிக்குக் கிடையாது. இது சமத்துவம் தந்த கொடை. ஆனால் அதற்கு அடுத்த வரியைப் படியுங்கள். நாளுக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்கிறது, யாரை? பெண்ணை. அப்பனுக்கு அந்த நான்கு முறை கிடையாது. எண்ணும்போது எல்லோரையும் எண்ணிவிட்டு, பிள்ளை அழும்போது அவளை மட்டும் கூப்பிடுகிறது சட்டம். காப்பக வாசலில் நின்று "அப்பன் எங்கே?" என்று கேட்பதும் பெண்ணியத்தின் வேலைதான். ஆணுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று கேட்பதில் பெண்ணியத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. அவள் சுமை அப்போதுதான் இறங்கும்.

பெண்கள் கேட்டது எல்லோருக்கும் கிடைத்த இன்னொரு செய்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை பார்த்த விற்பனைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் மாறியது. தமிழ்நாட்டிலும் 2021-ல் திருத்தம் வந்தது. கடை, நிறுவன ஊழியர் யாராக இருந்தாலும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது. சேலத்தில் ஒரு கடையில் துணி மடிக்கும் என் தங்கை முறைப் பெண் ஒருத்தி இன்றும் முழங்கால் வலியோடுதான் வீடு திரும்புகிறாள். நாற்காலி வந்த கடையும் உண்டு, வராத கடையும் உண்டு. ஆனால் சட்டம் அவளுக்கும், அவளோடு வேலை பார்க்கும் பையனுக்கும் சேர்த்தே இருக்கிறது.

அதே சோதனையைப் பெண்ணியத்துக்கும் வையுங்கள்

மகளோடு பேசியபோது இதைத்தான் அதிகம் பேசினேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் விடக்கூடாது.

1921-ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. இந்தியாவின் மாகாணங்களிலேயே முதலில் இங்கேதான். பிரான்சுக்கு 23 ஆண்டுகள் முந்திவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் அது சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கான வாக்கு. சேர்வராயன் மலையில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு வாக்குச்சீட்டு கிடைக்க, வயது வந்த எல்லோருக்கும் என்று எழுதிய அரசியலமைப்பும் 1951–52 பொதுத் தேர்தலும் வர வேண்டியிருந்தது. அங்கே சமத்துவம் பெண்ணியத்தைத் தாண்டிப் போய் அவளைத் தொட்டது.

இன்றைக்கும் பார்க்கலாம். அலுவலகத்தில் தன் விடுப்புக்காக உறுதியாக நின்று வாதாடுகிற பெண், வீட்டில் பாத்திரம் கழுவ வருகிறவருக்குத் தனி டம்ளர் வைத்திருப்பார். அவருக்குக் காய்ச்சல் வந்த நாளுக்குச் சம்பளம் பிடிப்பார். முதல் சண்டை நியாயமானது. இரண்டாவதையும் பார்க்கச் சொல்வதற்குச் சமத்துவம் என்ற பெரிய சொல் தேவை. பெண்ணியத்துக்குள்ளேயே இதைப் பேசியவர்கள் உண்டு. செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணின் சொத்துரிமையும் சாதிப் பட்டத்தை விடுவதும் ஒரே மேடையில் தீர்மானமாயின. மகன் கேட்ட கேள்வியின் நல்ல பாதி இதுதான். அதை மறுக்காதீர்கள். மறுத்தால் மீதிப் பேச்சை அவன் கேட்க மாட்டான்.

பஸ் டிக்கெட் கேள்வி வந்தே தீரும்

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "இதுதான் சமத்துவமா?" என்று யாராவது கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது. தயாராக இருங்கள்.

முதலில் அரசியலமைப்பைத் திறந்து காட்டுங்கள். 14-ஆவது பிரிவு சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. 15-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு பாலினத்தைக் காட்டி அரசு பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. அதே 15-இன் மூன்றாவது உட்பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு தனி ஏற்பாடு செய்வதை இது தடுக்காது என்கிறது. பிற்பாடு ஒட்டியது இல்லை, 1950-லிருந்தே இருக்கிறது. எழுதியவர்களுக்கு இரண்டும் தேவை என்று தெரிந்திருந்தது.

பிறகு ஒரு மனிதரைக் காட்டுங்கள். எங்கள் தெருவில் ஓர் அம்மா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறார். முன்பு நடந்து போகக்கூடிய தூரத்தில் கிடைத்த வேலையை மட்டும்தான் பார்த்தார், ஏனென்றால் பஸ் காசுக்குக் கணவனிடம் கை நீட்ட வேண்டும். இப்போது வேலையைத் தேர்ந்தெடுப்பது அவர்.

அப்படியானால் மூட்டை தூக்குகிற ஏழை ஆண் மட்டும் காசு கொடுக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. கேட்கிறவர் எந்தத் திசையில் கை நீட்டுகிறார் என்று கவனியுங்கள். "அவருக்கும் கொடு" என்கிறாரா, "அவளுக்கும் கொடுக்காதே" என்கிறாரா? "அவருக்கும் கொடு" என்கிறவர் உண்மையான சமத்துவவாதி. அவரோடு சேர்ந்து கேளுங்கள். திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்தச் சலுகை பிறகு விரிந்தது அப்படித்தான்.

ஏழு நாள் நோட்டு

பேச்சு முடிந்த பிறகு ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். நோட்டில் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரு பக்கம். எழுந்த நேரம், படுத்த நேரம், கூலி கிடைத்த வேலை, கிடைக்காத வேலை. கடைசி வகைக்குள் சமையல் மட்டும் வராது. தண்ணீர் பிடிப்பது, பள்ளி வாட்ஸ்அப் பார்ப்பது, மாமியாரின் மாத்திரையை ஞாபகம் வைத்திருப்பது எல்லாம் வரும். ஒருவர் பக்கத்தை இன்னொருவர் எழுதக்கூடாது. ஏழாம் நாள் கூட்டுங்கள். கூட்டும்போது யாரும் விளக்கம் சொல்லக்கூடாது, இது முக்கியம். எண் மட்டும் பேசட்டும்.

35 ஆண்டுகள் ஊராரின் வேலைநேரத்தை எழுதியவன், என் மனைவியின் நேரத்தை எழுதியது இந்த ஆண்டுதான். அவர் ஒரு நாளில் எழுந்ததற்கும் படுத்ததற்கும் நடுவே பதினேழு மணி நேரம் இருந்தது. இப்போது காலைக் காப்பியும் மதியப் பாத்திரமும் என் பக்கத்துக்கு வந்திருக்கின்றன. மகன் பெங்களூரில் தானும் மனைவியும் எழுதிய நோட்டைப் படம் பிடித்து அனுப்பினான். தன்னை இன்னும் சமத்துவவாதி என்றுதான் சொல்லிக்கொள்கிறான். அதில் எனக்குக் குறை இல்லை. மகளுக்குக் குறை உண்டு, அவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

நான் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. என் 1.60-இல் 1.20-க்கு மேல் இருக்கும் 40 சென்ட்டை அக்கா பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதி, வைகாசியில் பதிவு செய்தேன். தம்பிகள் இருவரும் வரவில்லை. அக்கா பத்திரத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை முழுதாகப் படித்தார். நன்றி என்றோ, எதற்கு இதெல்லாம் என்றோ சொல்லவில்லை.

"கிணற்று முறையில் எனக்கு எந்த நாள்?" என்று கேட்டார்.

அதை நான் எழுதியிருக்கவில்லை. நிலத்தை மட்டும் எழுதித் தண்ணீரை விட்டுவிட்டேன். முறைப் பட்டியலைத் திறந்து நான்கு பேராக மாற்ற வேண்டும், அதற்குத் தம்பிகளின் ஒப்புதல் வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு வாழப்பாடிக்குப் போகிறேன்.